பைய

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
சஜின் கடையில் மூன்று பேனா.
எண்ணூறு, இரண்டாயிரத்து நூறு.
மூன்றாவதன் விலையை அவன் சொல்லவில்லை.

மாதிரி டேப்லெட்டை யாரும் அழிக்கவில்லை.
எனக்கு முன்னால் வந்தவர்களின்
கையெழுத்துகள், ஒரு மீன், ஏதோ வட்டிக்கணக்கு,
நாலுமுறை எழுதி நாலுமுறையும் வெட்டிய
ஷைபா.

ஓட்டுக்கூரையின் சரிவை இழுத்துப் பார்த்தேன்.
வேகமாக இழுத்தால் எல்லாப் பேனாவும் யோக்கியன்.
பைய இழுத்தால்
எண்ணூறு ரூபாய் நெளிகிறது,
குழித்துறை ஆற்றில் விழுந்த மின்கம்பி நிழல்போல.
இரண்டாயிரத்து நூறு நெளியவில்லை,
அரை நொடி பிந்தி வருகிறது.

"இவ்வளவு அமுக்காதீங்க அக்கா, முனை தேஞ்சிரும்."

அமுக்கித்தான் எழுதுவேன்.
நோட்டைத் திருப்பினால்
மறுபக்கம் புடைத்திருக்கும் என் எழுத்து,
தடவியே வாசிக்கலாம்.
கண்ணாடிக்கு மறுபக்கம் இல்லை.

மூன்றாவது பேனா
அமுக்கிய இடத்தில் தடித்தது,
தூக்கிய இடத்தில் மெலிந்தது.
உள்ளங்கை வியர்வையைக் கோடென்று நினைக்கவில்லை.
ழகரம் சுழிந்தபோது
முனையோடேயே சுழிந்தது.

எவ்வளவு?
இரண்டு வீட்டு பிளானின் கூலி.
ஒன்றுக்கு இன்னும் காசு வரவில்லை.

பிந்தி வருவதையே வாங்கினேன்.
இறங்குமுன்
விலை கூடியதை இன்னொருமுறை எடுத்து
ஷைபா என்று எழுதினேன்,
பைய,
வெட்டாமல்.