கொடிவேரிக்கு எத்தனை கை

பனியனுக்குக் கை ஒன்று வைத்தால்
எழுபத்தைந்து காசு.
அதனால் எனக்கு எல்லாமே கைக் கணக்குத்தான்.
பால் பாக்கெட் முப்பத்திரண்டு கை.
சபரியின் டியூசன் நானூறு.
கடலோரத்தில் ஓர் இரவு தங்க
லாட்ஜ்காரர் போனில் சொன்னது
ஆயிரத்து அறுநூறு கை,
அதுவும் ஏசி இல்லாமல்.

போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.
அவர் காலண்டரைப் பார்த்தார்.
நோம்பி லீவு முடிய நாலு நாள்.
"கொடிவேரி போலாம். அங்கயும் தண்ணிதான்."

ஞாயிறு விடியும் முன்பே கிளம்பி
குன்னத்தூர், கோபி என்று
டவுன் பஸ்ஸாகப் பார்த்துப் பார்த்து மாறினோம்.
நேர் பஸ் சீக்கிரம் போகும்;
டவுன் பஸ்ஸில்தான்
எனக்கும் நந்திகாவுக்கும் காசில்லை.
"நான் ஃப்ரீ, நீ டிக்கெட்டு" என்று
வழி நெடுக அவள் தம்பியிடம் ஓரியாட்டம்.
கண்டக்டர் குனிந்து வயசு கேட்டபோது
நான் நாக்கில் தயாராக வைத்திருந்த நாலரையை
சபரி முந்திக்கொண்டு கெடுத்தான்:
"ஆறு முடிஞ்சு ஏழுங்க. ரெண்டாவது போறேன்."
அந்த அரை டிக்கெட்டை
டவுசர் பையில் மடித்து வைத்துக்கொண்டான்,
கிரயப் பத்திரம் மாதிரி.

அவன் போட்டிருந்தது கம்பெனியில் கழித்த உருப்படி.
எந்த நாட்டுப் பிள்ளைக்கோ கப்பலேற வேண்டியது.
நெஞ்சில் ஒரு கடல், இரண்டு தென்னை,
நடுவில் ஏதோ இங்கிலீஷ்.
அச்சு ஒரு நூல் விலகி
சூரியன் தன் கோட்டைவிட்டு
வெளியே வழிந்துவிட்டது.
அதற்குத்தான் கழித்தார்கள்.
அதன் கை நான் வைத்ததா
பக்கத்து மெசின் சரசாள் வைத்ததா
தெரியாது.

கொடிவேரியில் திருப்பூர் பாதி இருந்தது.
விழுகிற தண்ணீருக்கு முதுகைக் கொடுத்துவிட்டு
ஓவர்டைம் மறந்து நின்றவர்கள்.
பரிசலுக்குத் தலைக்கு எண்பது கை.
"அடுத்த தடவை," என்றேன்.
இது எத்தனையாவது அடுத்த தடவை என்று
நந்திகா விரல் விட்டாள்.
நான் சேலை பிழிந்துகொண்டிருந்தேன்.

வறுத்த மீன் தட்டு நூற்றிருபது.
தட்டு ஒன்று, ஆள் நாலு.
அவர் தலையையும் முள்ளையும் எடுத்துக்கொண்டு
ருசியே இதில்தான் என்றார்.
கல்யாணமாகிப் பதினோரு வருசமாக
ருசி எப்போதும் அவர் பக்கத்து முள்ளில்தான்.

சபரி ஒரு வாய் தண்ணீர் மொண்டு
கொப்பளித்துத் துப்பினான்.
"இது கடல் இல்லீங்கம்மா. உப்பே இல்ல."
"கடல்னு யாரு சொன்னாங்க?"
"அப்பா சொன்னாருங்க."
அப்பா அப்போது அணைக்கட்டை
வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாங்காய்க்காரி மடித்துக் கொடுத்த
உப்புமிளகாய்ப் பொட்டலம் என் மடியில் இருந்தது.
நான் அதட்டுமுன் அதைப் பிரித்து
முழங்கால் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டிவிட்டான்.
செக்கச்செவேலென்று ஒரு நொடி நின்றதைப்
பவானி இழுத்துக்கொண்டு நகர்ந்தது.
அவன் பின்னாலேயே ஓடி
இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தான்.
இருமல். கண் நிறையத் தண்ணீர்.
"கடலு காரமா இருக்குதுங்கம்மா!"

சத்தியமங்கலத்துக் கும்பல் ஒன்று
தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரித்தது.
எனக்கும் அடக்க முடியவில்லை;
லாட்ஜ் பற்றி இருந்த வெசனம்
எந்த இடத்தில் கழன்று விழுந்ததோ.
நந்திகாதான் பாவம்,
உப்பில்லாத மாங்காயைக் கடித்து
புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு
மறு கண்ணால் அவனை முறைத்தாள்.

பொழுதோடக் கடைசி பஸ்.
மடியில் ஒன்று, தோளில் ஒன்று.
கண்டக்டர் சபரியின் வயசைக் கேட்கவில்லை;
தூங்குகிற பிள்ளை எல்லாம் நாலரைதான் போல.
அவராகவே எழுந்து போய்
அரை டிக்கெட் வாங்கி வந்தார்.
எனக்குச் சுருக்கென்றது, கொஞ்சம்.

திங்கட்கிழமை அதே கடல், பச்சை நிறத்தில்,
கட்டுக் கட்டாக என் மெசினுக்கு வந்தது.
வீட்டுக் கொடியில் காயும் கடலில் மட்டும்
மீன் வாசம்.

சபரி கேட்கிறான்,
கல்லுப்பு கிலோ எவ்வளவுங்கம்மா?
பதினாறு கை என்றேன்.
ஆத்துக்கு எத்தனை கிலோ வேணும் என்று
நோட்டில் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டான்.