மஞ்சள், ஒன்பது வாட்

அட்டன் கடைக்காரர் வெள்ளையைத்தான் நீட்டினார்:
"பகல் மாதிரி அடிக்கும், தங்கச்சி."
எனக்குப் பகல் வேண்டாம்.
கடைசி பஸ் வளைவில் உதிர்த்துவிட்டுப் போனபின்
மூடுபனியில் வெள்ளை வெளிச்சம் சுவராகி நிற்கும்;
மஞ்சள்தான் நனைந்துகொண்டே கொஞ்சம் எதிரே வரும்.

ஆளசைந்தால் எரியும் பல்பும் இருந்தது.
அது காட்டுப்பன்றிக்கும் எரியும்,
நான் ரோட்டில் நிற்கையில் எரியாது.

கதவுக்கு மேலே மாட்டலாம் என்றான்
வயர் இழுக்க வந்த அமலதாசன்.
என் நிழலே பூட்டை மறைக்குமே.
பக்கச் சுவரில், இடுப்பளவில்:
உடைந்த ஏழாம் படி தெரிய,
காலில் ஏறிய அட்டை தெரிய.
காலையிலேயே போட்டுவிட்டுப் போனேன்.

இரவு, படியிறங்கி வந்தால்
கீழ் லயத்து ஜெசிந்தா
என் இஸ்தோப்பு ஓரம் குந்தி
கெண்டைக்காலில் சோப்புத் தேய்க்கிறாள்.
"அணைச்சிடாத," என்கிறாள்,
"பின்னால இன்னும் மூணு பேர் வாறாங்க."