சட்டிக்கு இரண்டு கை

எனக்கு இரவுப் பணி. அவனுக்குப் பகல்.
த்ராபனி துறைமுகத்தில்
தீவுக்குப் போகும் படகின் கயிறு பிடிக்கிறவன் சவேரியோ.
நான் ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில்
பிறர் தூக்கத்துக்குக் காவல்.
எங்கள் குடித்தனம் பெரும்பாலும்
படிக்கட்டில் நடக்கிறது,
ஒருவர் ஏற, ஒருவர் இறங்க.

வியாழன் மாலை
நாலு கத்திரிக்காயைத் தோலோடு துண்டு போட்டு
உப்புத் தூவி வடிதட்டில் வைத்தேன்.
கறுப்புத் தண்ணீர் விட்டது. பிழிந்தேன்.
காய்ந்த எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன்.
இருந்த எண்ணெயை எல்லாம் மடக்மடக்கென்று குடித்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் கிடந்து,
வெந்தபின் தானே கக்கியது.

செலரித் தண்டு தனியாக வெந்தது.
வெங்காயம் தனியாக வதங்கியது.
பந்தெல்லேரியாத் தீவின் கேப்பர் மொட்டுகள்
உப்புப் போக மூன்று தண்ணீர் குளித்தன.
பச்சை ஆலிவைக் கல்லால் ஒரு தட்டு தட்டினால்
கொட்டை தெறித்து அடுப்புக்கடியில் ஓடியது.
இன்னும் அங்கேதான் இருக்கும்.

தக்காளி விழுது சேர்ந்து, எல்லாம் ஒரே மண்சட்டிக்கு வந்தபிறகு
ஒரு குழிக்கரண்டி வினிகர்,
அதன் தலையிலேயே ஒரு கரண்டி சர்க்கரை.
இரண்டும் சூட்டில் சந்திக்கும்போது எழுகிற ஆவி
கண்ணைக் கரிக்கும், உச்சிக்கு ஏறும்.
இருமிக்கொண்டே சீருடை மாட்டினேன்.
கபோனாத்தா அன்றைக்கே தின்கிற பண்டமில்லை.
மூடி வைக்க வேண்டும்.
புளிப்பும் தித்திப்பும்
ஆள் இல்லாத வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளும்.

விடிந்து வந்து ஒரு வாய் எடுத்தேன்.
பல் கூசியது.
இவ்வளவு ஊற்றவில்லையே நான்?
மறந்திருப்பேன். பதினாலாம் படுக்கைக்காரர்
இரவெல்லாம் யாரோ ஒருத்தியின் பேரைச் சொல்லி
என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
கணக்கு நிற்காத இரவு.
ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கிளறி,
மூடி, படுத்தேன்.

சனி விடியலிலும் புளிப்பு.
சர்க்கரை.
ஞாயிறு விடியலிலும்.
சட்டியில் பேய் குடியேறிவிட்டது என்று நினைத்தேன்.
வினிகர் புட்டியைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.
தோன்றியது. பார்க்கவில்லை.

ஞாயிறு மதியம் இருவருக்கும் விடுப்பு.
தெற்கிலிருந்து சிரோக்கோ மணலோடு வீச,
ஜன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம்.
ரொட்டியைப் பிய்த்தான். தொட்டான். தின்றான்.
ஊறுகாய்போல் இருந்தது. ஜாம்போலவும் இருந்தது.
நடுவில் கத்திரிக்காயைக் காணோம்.

"இனிப்பு ஏறிப்போச்சு" என்றான்.
"புளிப்பு" என்றேன்.
கத்திரிக்காய் முற்றினால்
கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்.
"நீயா?"
இரண்டு வாயும் ஒரே நேரத்தில் கேட்டன.

சிரித்திருக்கலாம்.
"நீ காப்பிக்கு மூணு கரண்டி போடுகிறவன்,
அதனால்தான்" என்றேன்.
அவன் ரொட்டியை உருட்டினான்.
"உனக்குப் புளிப்புதானே பிடிக்கும், பிபியானா.
முதல் வருஷம் எலுமிச்சையைத் தோலோடு கடித்தாயே,
படகுத்துறையில், எல்லாரும் பார்க்க."

அது மசக்கை.
பதினோரு வாரம் இருந்தது.
பிறகு அந்த நாக்கு எனக்கு இல்லை.
ஏழு வருஷமாக
இல்லாத அந்த நாக்குக்கு
இவன் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

மணல் கண்ணாடியில் உரசியது.
எழுந்துபோய் இன்னும் இரண்டு கத்திரிக்காய் எடுத்தான்,
கயிறு பிடித்துக் காய்த்த கையால்
கோணல்மாணலாக அரிந்தான்.
உப்பை நான் தூவினேன்.
பொரித்து, சட்டியில் போட்டு,
வேறெதுவும் சேர்க்காமல் கிளறினோம்.
சேர்க்க வேண்டியதெல்லாம் உள்ளே இருந்தது,
வேண்டியதற்கு மேலேயே.

ருசி பார்க்கவா என்றேன்.
நாளைக்கு என்றான்.

செவ்வாய் விடியலில் வந்தபோது
சட்டி கழுவாமல் தொட்டியில் கிடந்தது,
அடியில் ஒரே ஒரு கேப்பர் மொட்டு.
எனக்கென்று ஒரு கிண்ணம்
தட்டுபோட்டு மூடியிருந்தது.
நின்றபடியே தின்றேன்.
காலணியைக்கூடக் கழற்றவில்லை.