இடைவெளிகள் உட்பட

மூன்றாம் பெட்டியில் தேவையை விவரிக்க வேண்டும்.
ஆயிரத்து ஐந்நூறு எழுத்து,
இடைவெளிகள் உட்பட.

வெற்றிடத்தையும் எழுத்தென்று எண்ணுகிறவர்களை
எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

நான் ஆலோசகர் இல்லை.
வாரத்தில் பதினாறு மணி நேரம் கணக்கு எழுதுகிறவள்:
கொதிகலனுக்கு எண்ணெய், சனிக்கிழமை பிஸ்கட்,
படிக்கட்டில் உறைபனி கரைய உப்பு.
பிள்ளைகளோடு இருப்பது லோர்னா ஹெய்க்கினென்.
எழுத உட்கார்ந்தால் அவளுக்குக் கை ஓடாது.
மஞ்சள் தாள்களில் கிறுக்கியதை என்னிடம் போட்டுவிட்டு
ஏரிக்கரைப் பக்கம் வண்டியை விட்டுவிடுவாள்.
சுப்பீரியர் இன்னும் முழுசாக உறையவில்லை.

நவம்பர் ஆறு: ஈபென் வந்தான்.
மேசைக்கு அடியில் போனான். ஒரு மணி நேரம்.
நவம்பர் பதிமூன்று: அதே.
நவம்பர் இருபது: அதே. பூட்ஸைக் கழற்றி வைத்தான்.
மேலிருந்து ஒரு தட்டு தட்டினேன், இருக்கிறாயா என்று.
கீழிருந்து ஒரு தட்டு.

இதை எந்தப் பெட்டியில் போடுவது?

செம்புச் சுரங்கம் மூடிய ஊர் என்று தொடங்கலாம்.
போன வருடம் அப்படித்தான் தொடங்கினேன்.
தகுதியான விண்ணப்பங்கள் இம்முறை ஏராளம் என்று
மிக நல்ல தாளில் மறுத்திருந்தார்கள்.
அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண்
ஃபோனில், கனிவாகத்தான், சொன்னாள்:
சோகத்தை எல்லோரும் எழுதுகிறார்கள்,
நீங்கள் அளக்க முடிந்ததை எழுதுங்கள்.

சரி.
எங்கள் கவுண்டியில் குழந்தை மனநல மருத்துவர்: பூஜ்யம்.
அடுத்தவர் இருப்பது: நூறு மைலில்.
அவரிடம் காத்திருப்பு: ஏழு மாதம்.
எட்டு வயதுக்காரனுக்கு ஏழு மாதம் என்பது
ஆயுளில் பதினாலில் ஒரு பங்கு.
வகுத்துப் பார்த்தேன், தொழில் புத்தி.

ஐந்தாம் பெட்டி: அளவிடத்தக்க விளைவுகள்.
டிசம்பர் நான்கு: வெளியே வந்தான். நாற்காலி வரை.
பேசவில்லை.

அளவு நாடாவோடு போய் மண்டியிட்டேன்.
மேசை விளிம்பிலிருந்து நாற்காலிக் கால்
பதினாறு அங்குலம்.
போனது போனேன் என்று அடியிலும் நுழைந்து பார்த்தேன்.
மேலே பாலிஷ் போட்ட அந்த மேசைக்கு
அடியில் பச்சை மரம்,
யாரோ எப்போதோ ஒட்டிய சூயிங்கம்,
பென்சிலில் ஒரு பனிவாரி வண்டி, அதன் பின்னே இன்னொன்று,
வரிசையாக இருபத்தெட்டு.
எல்லாவற்றிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
ஓட்டுநர் இருக்கையில் ஒன்றில்கூட ஆளில்லை.
ஈபெனின் அப்பா ஓட்டியது எந்த வண்டி என்று
இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.
அதை நான் எழுதப்போவதில்லை.

பதினாறு அங்குலம் என்று தட்டச்சினேன்.
அழித்தேன்.
மறுபடி தட்டச்சினேன்.

ஒன்பதாம் பெட்டி:
எங்கள் நிதி தீர்ந்தபின் இத்திட்டம் எவ்வாறு தொடரும்?
அங்கே பொய் எழுதினேன்.
எல்லோரும் எழுதும் அதே பொய்தான்,
ஒற்றுப்பிழை இல்லாமல்.

வெள்ளி மாலை ஐந்துக்கு வாசல் மூடிவிடும்.
நான்கு நாற்பதுக்கு லோர்னா ஈரக் கையுறையோடு வந்து
தோள்வழியே படித்தாள். அங்குலத்தில் நின்றாள்.
"இதைச் சிரிப்பார்கள்" என்றாள்.
"சிரிக்கட்டும், முதலில் படிக்கட்டும்" என்றேன்.
பேசிக்கொண்டே இருந்துவிட்டோம் போல,
திரை மங்கி ஒரு கேள்வி வந்தது:
நீண்ட நேரமாக அசைவில்லை.
நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?

பொத்தானை அழுத்தும் முன்னே
என் விரல் முட்டி மேசையில்
ஒருமுறை தட்டிவிட்டது.
லோர்னா என்னைப் பார்க்கவில்லை.

நான்கு ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.
மூன்றாம் பெட்டியில் நாற்பது எழுத்து மிச்சம்;
நிரப்பாமல் விட்டேன்.
முடிவு மே மாதத்தில் தெரியும்.
எண்ணெய்க்காரன் திங்கட்கிழமை வருகிறான்.