புத்துயில்

"புத்துயிரூட்டல்" என்று நான் பெயர்த்த சொல்
மேசையைத் தாண்டவில்லை.
மாடசாமி கை உயர்த்தினார்:
"செத்தது யாருங்க?"

மூன்றாம் குறுக்குத் தெரு, துணிக்கடை மேல்மாடி.
ஒரு மின்விசிறி. இருபத்தாறு கதிரை. முப்பத்தொன்பது பேர்.
நடுவில் நிற்பது என் வேலை:
சிங்களத்தைத் தமிழில், தமிழைச் சிங்களத்தில்,
திட்டக்காரரின் ஆங்கிலத்தை இரண்டிலும்.
கேள்வியைக் கடத்தினேன்.
சிரிப்பு சிங்களத்தில் முதலில் வந்தது,
சற்றுப் பிந்தி ஆங்கிலத்தில்.
மாடசாமி சிரிக்கவில்லை.

மேசை நிறையப் புறக்கோட்டை.
பச்சை வட்டம் என்றால் மரம், நீலக் கோடு சைக்கிள்.
மெயின் வீதியில் இரண்டு பேர் கோப்பி குடிக்கிறார்கள்.
ஒரு முகத்திலும் வியர்வை இல்லை.

"நடைபாதையை விடட்டும்,
என் கடைக் கண்ணாடி தெரியட்டும்"
என்றார் ஹமீன் முதலாளி.
"மழை வந்தால் சனம்
உங்கள் கண்ணாடிக்கா ஓடுது, என் குடைக்கா?"
பியசீலி கேட்டது சிங்களத்தில்.
பெயர்க்கத் தேவையிருக்கவில்லை,
ஹமீனுக்கு அந்தச் சண்டை பதினேழு வருடப் பழக்கம்.

பொத்தான் கடை ரிஸ்மியா எழுந்து
ஒரே வசனம் சொன்னாள்:
"காலை ஒன்பதுக்குப் பிறகு
நாங்கள் தண்ணீர் குடிக்கிறதில்லை."
இரண்டு மொழியிலும் சொல்லி முடித்தேன்.
மின்விசிறி மட்டும் கேட்டது.
இனோகா வரைபடத்தில் ஒரு சதுரம் கீறினாள்: "இங்கே?"
ரிஸ்மியா பென்சிலை வாங்கி அதை வெட்டினாள்.
அங்கே இருட்டு.
வெளிச்சமுள்ள மூலையில் தானே ஒன்று கீறினாள்,
கொஞ்சம் கோணலாக,
கதவுக்குக் கொண்டி வைத்து.

பிறகு மாடசாமி:
"வண்டி எங்கங்க தூங்கும்?"
தரிப்பிடம் என்று பெயர்த்தேன்.
தலையாட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது,
ஆனாலும் நான் பிழை விட்டது தெரிந்தது.
"நிறுத்த இல்லங்க, தூங்க.
அது படுத்தாத்தான் அதுக்கு மேல நான்."

அடுத்த கிழமை, விடியற்புறம் நாலு மணி.
பகலில் அந்தத் தெருவை அளக்க முடியாது,
பகலில் அது தெருவே அல்ல.
மூட்டை ஏற்றிய வண்டியை மாடசாமி திருப்பினார்.
சில்லு போன வழியில் ரிஸ்மியா சோக்கால் கோடிட்டாள்.
பதினொரு அடி.
வரைபடத்தில் ஒன்பது.
இனோகா மண்டியிட்டு மறுபடி அளந்தாள், பதினொன்றுதான்.
அளவு நாடாவின் மறுமுனை ஹமீன் கையில்.
பிடித்தபடியே பியசீலியோடு சண்டை பிடித்தார்,
நாடா மட்டும் தொய்யவில்லை.

ஒரு மரத்தை இரண்டடி தள்ளினோம்.
நடாத மரம்தானே, வேர் நோகவில்லை.

குடைக்கடை எங்கே என்பது இன்னும் முடிவாகவில்லை.
மூன்று கூட்டம் போய்விட்டது.
கூட்டறிக்கையில் "கலந்துரையாடப்பட்டது" என்று எழுதுகிறேன்;
மூன்று மொழியிலும் அந்தச் சொல்
பல்லுக்குள் சிக்கிய வெற்றிலை நார்.
ரிஸ்மியாவின் கோணல் சதுரத்துக்கு மட்டும்
அத்திவாரம் வெட்டியிருக்கிறார்கள்.
போகும் வழியில் அவள் தினமும்
உள்ளே எட்டிப் பார்க்கிறாள்.

நேற்று ஐந்துலாம்புச் சந்தியில் பலகை வந்தது.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
நம் தமிழ் வழமைபோல்:
புறக்கோட்டை புத்துயில் திட்டம்.
ரகரம் இருக்கவேண்டிய இடத்தில் லகரம்,
உயிர் போய்த் துயில் வந்திருந்தது.

காரியாலயத்துக்குப் போன் எடுத்தேன்.
"அடுத்த மாதம் திருத்தலாம், மிஸ்."
வழக்கமாக இந்த இடத்தில் நான் கத்துவேன்.

பலகைக்குக் கீழே, எட்டு மணி இரவில்,
பிடியை மதிலில் சாய்த்து ஒரு கைவண்டி.
மேலே சாக்கு விரித்து,
முழங்கையைக் கண்ணுக்கு மறைப்பாக மடித்து
மாடசாமி.

வண்டிக்கு இன்னும் இடம் ஒதுக்கவில்லை.
அடுத்த கூட்டம் புதன்கிழமை, ஆறரைக்கு.
அதுவரைக்கும்
அந்த எழுத்து அங்கேயே கிடக்கட்டும் என்று
"சரி" சொல்லிப் போனை வைத்தேன்.