ஒரு கதவின் அகலம்

பெட்ரோல் இல்லாத ஆண்டில் வாங்கிய சைக்கிள்.
அப்போது காலி வீதி முழுக்க எங்களுடையது.
கார்கள் வரிசையில் நின்று தூங்க
தெஹிவளைப் பாலத்தில்
சுகிர்தாவும் ரிஃப்காவும் நானும்
பக்கம் பக்கமாக, கதைத்துக்கொண்டே போனோம்.

பிறகு பெட்ரோல் வந்தது.
அவர்கள் விற்றுவிட்டார்கள்.
நான் விற்கவில்லை.
வாங்கிய விலைக்கு எவரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

என் பின்பெட்டியில் இருப்பவை பற்கள்.
வெள்ளவத்தை ஆய்வுகூடத்தில் வார்த்த பல் செட்டுகள்.
பம்பலப்பிட்டியில் ஒரு வாய் காத்திருக்கும்,
கொள்ளுப்பிட்டியில் இரண்டு.
வண்டி குலுங்கினால் பெட்டிக்குள் அவை
ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கும்.
அதனால் பள்ளங்கள் எனக்கு மனப்பாடம்:
ஒழுங்கை முனையில் உடைந்த மூடி,
சக்கரம் போகும் திசையிலேயே கம்பி போட்ட வடிகால்,
மழை தொட்டதும் சவர்க்காரமாகும் கடவைக் கோடுகள்.

முதல் மாதம் ஓரத்தோடு ஒட்டிப் போனேன்,
தெருவிடம் மன்னிப்புக் கேட்பவள் மாதிரி.
ஓரம் விட விட
இன்னும் கொஞ்சம் கேட்டார்கள்.
கடைசியில் எனக்கு மிஞ்சியது
கானின் விளிம்பும்
யாரோ குடித்தெறிந்த செவ்விளநீர்க் கோம்பையும்.

இப்போது இடம் குறுகினால்
நடுவுக்கு ஏறிவிடுகிறேன்,
கையை நீட்டி, திரும்பிப் பார்த்து, மெதுவாக.
ஹோர்ன் அடிப்பார்கள்.
அடிக்கட்டும்.
ஹோர்ன் அடிக்கிறவன் என்னைக் கண்டுவிட்டான்.
பயம், அடிக்காமல் வருகிறவனிடம்தான்.

நூறாம் இலக்க பஸ் தரிப்பிடத்துக்குச் சரிகையில்
அதன் இடப்பக்கம் நான் நுழைவதில்லை.
அந்தக் கண்ணாடியில் சாரதியின் முகம் தெரியாவிட்டால்
அவர் உலகத்தில் நான் பிறக்கவேயில்லை.
பின்னாலேயே நிற்கிறேன், புகை குடித்துக்கொண்டு.
மிதிபலகையில் தொங்கும் நடத்துநர்
"கொட்டுவ, பிட்டகொட்டுவ" என்ற அதே ராகத்தில்
"நங்கி, பரிஸ்ஸமின்" என்கிறார்.
முதல் நாள் நான்
என்னையும் ஏறச் சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

த்ரீவீல் சாரதியின் முகத்தை நம்புவதில்லை,
சிக்னலையும்.
முன்சக்கரம் மட்டும் பொய் சொல்லாது.

போன வியாழன், சவோய் தாண்டி,
ஓரத்தில் நின்ற ஒரு வெள்ளைக் கார்.
பின்விளக்கு அணைந்தது.
உள்ளே ஒரு தலை அசைந்தது.
எனக்கு அது போதும்.

கதவு திறந்தது,
முழுவதும், ஒரே வீச்சில்.
அதற்கும் என் கைபிடிக்கும் இடையில்
ஒரு சாண் காற்று.
பின்னால் வந்த வான் கீச்சிட்டு நின்றது.
பெட்டிக்குள் எல்லாரும் சிரித்தார்கள்.

இறங்கியவர் என்னைவிட வெளிறிப் போயிருந்தார்.
காதில் இன்னும் போன்.
"காணல்ல தங்கச்சி. அல்லாவே, காணல்ல."

"காணாத ஆளுக்கெண்டுதான்
இவ்வளவு தள்ளி வாறன்."

கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.
குரல் நடுங்கி வேறு மாதிரி வந்தது.
பெட்டியைத் திறந்து எண்ணினேன்:
மேல்வரிசை நான்கு, கீழ்வரிசை மூன்று,
ஒன்றும் உடையவில்லை.
அவர் எட்டிப் பார்த்தார்.
என்ன கேட்பதென்று தெரியாமல்
தன் வாயை மூடிக்கொண்டார்.

"இடக்கையால திறவுங்கோ," என்றேன்.
"உடம்பு தானாத் திரும்பும்.
கண்ணும் அதோட போகும்."

காருக்குள் ஏறி அமர்ந்து
மூடிய கதவில் ஒருமுறை செய்து பார்த்தார்.
அந்நியர் ஒருவர் அப்படிச் செய்வதைப் பார்க்க
ஏனோ கூச்சமாக இருந்தது. வந்துவிட்டேன்.

ஞாயிறு இரவு நல்ல மழை.
சைக்கிளை விட்டுவிட்டு வாடகைக் காரில் வந்தேன்,
பின்சீட்டில், வீதிப் பக்கமாக.
வீட்டு வாசலில் காசு கொடுத்து,
குடையைத் தேடி,
போனைப் பார்த்தபடி
வலக்கையால் கதவைத் தள்ளினேன்.

நனைந்த தெருவில் கதவு விரிந்து நின்ற பிறகுதான்
என் கை எனக்குத் தெரிந்தது.

அந்த வழியால் யாரும் வரவில்லை.
அவ்வளவுதான்.