நான்காவது இடம்

வெள்ளி இரவு ஊசி.
ஃப்ரிட்ஜ் கதவில், தோசைமாவுக்கு எதிரே
பேனாவாய்ப் படுத்திருக்கும்.
தொப்புளுக்கு நாலு விரல் தள்ளிக் குத்தி
பத்து எண்ணுவேன்.

முதல் மாதம் குமட்டல்.
பிறகு,
ஓயாமல் கத்திய ரேடியோவை
யாரோ அணைத்ததுபோல் இருந்தது வயிறு.

டாக்டர் தாம்பேவுக்கு எடை அப்புறம்.
"என் கையை அழுத்துங்க" என்பார்.
சதை கரையக் கூடாதாம்;
முட்டை, பச்சைப்பயறு,
காலையில் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குகிறேன்.

பதினோரு வருஷம்
மாலை லோக்கலில் என் இருக்கையில் மூவர்தான்.
நான்காவதாய் ஒண்ட வருபவள்
என்னைப் பார்த்ததும் அடுத்த வரிசைக்குப் போவாள்.

இன்று குர்லாவில்
வடாபாவ் மணந்தது, மணந்ததோடு சரி.
ஏறியவள், "ஜரா சர்கா" என்றாள்.
நகர்ந்தேன்.
அரைத் தொடையில் உட்கார்ந்து
கொத்தவரங்காய் ஆய்ந்தாள்,
வாஷி வரை
என் விலாவில் இடித்தபடி,
ஒரு ஸாரிகூடச் சொல்லாமல்.